உதட்டுப் பிளவு: வலப்பக்கம் என்றால் அறுவை சிகிச்சை கடினமா?

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே குழந்தைக்கு உதட்டுப் பிளவு இருப்பது பல நேரம் தெரிந்துவிடுகிறது. அறிக்கையில் 'இடப்பக்கம்' அல்லது 'வலப்பக்கம்' என்று ஒரு சொல்லும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் விசாரணை தொடங்குகிறது. வலப்பக்கம் என்றால் தைப்பது கஷ்டமாமே, தழும்பு நன்றாகத் தெரியுமாமே, பேச்சு சரியாக வராதாமே என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இந்தப் பேச்சுக்கு அடியில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. வலப்பக்கப் பிளவு கைக்குச் சற்றுச் சிரமம் என்று சொல்லும் அறுவை மருத்துவர்கள் உண்டு. அதெல்லாம் ஒன்றுமில்லை, எந்தப் பக்கமானாலும் வேலை ஒன்றுதான் என்பவர்களும் உண்டு. அவர்கள் பேசுவது தங்கள் கையையும் பழக்கத்தையும் பற்றி. அதே பேச்சு நம் காதுக்கு வரும்போது குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது. அந்த இடைவெளியில் பெற்றோர் எவ்வளவு பயந்துபோகிறார்கள் என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. எனவே இதை அடியிலிருந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். மருத்துவ அறிக்கையில் இடம், வலம் என்பதெல்லாம் குழந்தையின் இடம், வலம். குழந்தை நம்மைப் பார்த்திருக்கும் புகைப்படத்தில் இடப்பக்கப் பிளவு நமக்கு வலப்பக்கமாகத் தெரியும். இதில் குழம்பிப்போய், 'ஸ்கேனில் ஒன்று சொன்னார்கள், பிறந்தபின் வேறாக இருக்கிறது' என்று கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிளவு ஏன் நடுவில் வராமல் ஓரத்தில் வருகிறது?

கண்ணாடியில் உங்கள் மேலுதட்டைப் பாருங்கள். மூக்குக்கு நேர் கீழே ஒரு சிறு பள்ளம் இறங்கும். அதன் இரண்டு கரையிலும் மெல்லிய மேடு இருக்கும். அந்த மேடுகள்தான் மேலுதடு ஒட்டிய இடங்கள் என்று தோராயமாகச் சொல்லலாம்.

கருவில் முகம் ஒரே தகடாக உருவாவதில்லை. நெற்றிப் பக்கமிருந்து ஒரு பகுதி கீழே இறங்கி, மூக்கின் நடுப்பகுதியும் உதட்டின் நடுப்பகுதியும் ஆகிறது. இரு கன்னங்களின் பக்கமிருந்தும் இரண்டு பகுதிகள் அதை நோக்கி வளர்ந்து வருகின்றன. இடப்பக்கம் ஒரு சந்திப்பு, வலப்பக்கம் ஒரு சந்திப்பு. இந்த வேலை கரு உருவான 4ஆவது வாரத்துக்கும் 7ஆவது வாரத்துக்கும் இடையில் முடிந்துவிடும். ஏதோ ஒரு சந்திப்பு முழுதாகக் கூடாமல் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் உதட்டுப் பிளவு. வாயின் கூரையான அண்ணம் அதற்குப் பிறகு, 12ஆவது வாரத்துக்குள், மூடுகிறது. அது மூடாமல் போனால் அண்ணப் பிளவு. இரண்டும் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம்.

7ஆவது வாரம் என்றால் எப்போது என்று யோசித்துப் பாருங்கள். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தியைத் தொட்டதால், எதையோ நறுக்கியதால் குழந்தையின் உதடு பிளந்தது என்று நம் ஊர்களில் இன்றும் சொல்கிறார்கள். ஆறாம் மாதத்தில் வந்த கிரகணத்தைக் காட்டி மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இருக்கின்றன. ஆறாம் மாதத்தில் உதடு உருவாகி முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். மரபணுக்கள், புகை, வலிப்புக்குத் தரும் சில மருந்துகள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் என்று பல காரணங்கள் கூடிச் சேர்ந்துதான் இது நடக்கிறது. பெரும்பாலான குழந்தைகளில் இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது. தாயின் கத்தி அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உதடு கூடும் இடம் இரண்டு. எந்த இடத்தில் கூடவில்லையோ அதுவே பிளவின் பக்கம். இரண்டிலும் கூடாவிட்டால் இருபக்கப் பிளவு.

இடப்பக்கம்தான் அதிகம்

உலகெங்கும் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு இருக்கிறது. உதட்டுப் பிளவை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒருபக்கப் பிளவுதான் பெரும்பான்மை. அதிலும் வலத்தைவிட இடம் சுமார் இரண்டு மடங்கு. மருத்துவப் பாடங்களில் இடம், வலம், இருபக்கம் மூன்றுக்கும் 6:3:1 என்று ஒரு தோராய விகிதம் சொல்வார்கள். ஆண் குழந்தைகளுக்கு உதட்டுப் பிளவு அதிகம். அண்ணத்தில் மட்டும் வரும் பிளவு பெண் குழந்தைகளுக்கு அதிகம்.

ஏன் இடம்? முகத்தின் இரு பாதிகளும் கருவில் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பது தொடங்கிப் பல விளக்கங்கள் இருக்கின்றன. எதுவும் இன்னும் முடிவாகவில்லை. நமக்கு இங்கே வேண்டியது அந்த விகிதம் மட்டும்தான். ஒருபக்கப் பிளவுள்ள ஒன்பது குழந்தைகளைத் தைக்கும் மருத்துவர், சராசரியாக ஆறு இடப்பக்கப் பிளவையும் மூன்று வலப்பக்கப் பிளவையும் தைத்திருப்பார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

தோலில் மட்டும் நடப்பதில்லை

உதட்டுப் பிளவைப் பார்க்கும் எவருக்கும் அது ஒரு கிழிசலாகத்தான் தோன்றும். கிழிந்ததைச் சேர்த்துத் தைத்தால் முடிந்தது என்றும் தோன்றும். அதனால்தான் 'தைப்பது' என்ற சொல்லே புழங்குகிறது. உள்ளே நடப்பது வேறு.

கல்யாண வீட்டு வாசலில் போடும் சாமியானாவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கம்பம், இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறது. இடப்பக்கக் கயிறு அறுந்தால் என்ன ஆகும்? வலப்பக்கக் கயிறு எப்போதும்போல இழுத்துக்கொண்டேயிருக்கும். கம்பம் வலம் நோக்கிச் சாயும். இடப்பக்கத் துணி தளர்ந்து தொங்கிவிடும். துணியில் இருக்கும் கிழிசலை மட்டும் ஒட்டுப்போட்டால் கம்பம் நிமிராது.

உதட்டுக்குள் அந்தக் கயிறு வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசை. உதட்டைக் குவிப்பது, பால் உறிஞ்சுவது, 'ப', 'ம' சொல்வது எல்லாம் அதன் வேலை. இதை வாய் வட்டத் தசை என்கிறார்கள். பிளவு இருந்தால் இந்த வளையம் முழுமையாவதில்லை. இரண்டு முனைகளும் எதிரெதிராகச் சேர வேண்டியவை. அதற்குப் பதிலாக மேல்நோக்கித் திரும்பி, ஒன்று மூக்கின் நடுத்தூண் அடியிலும் மற்றொன்று மூக்குமடலின் அடியிலும் ஒட்டிக்கொள்கின்றன. நல்ல பக்கத்துத் தசை மூக்கின் நடுத்தடுப்பைத் தன் பக்கம் இழுக்கிறது. பிளவுப் பக்கத்துத் தசை மூக்குமடலைக் கன்னத்தின் பக்கம் இழுத்துத் தட்டையாக்குகிறது. உதட்டுப் பிளவுள்ள குழந்தைக்கு மூக்கும் கோணலாக இருப்பது இதனால்தான். அது தனி நோய் இல்லை, இதே கோளாறின் மறுமுனை.

ஆக, இரண்டு செய்தி. தோலும் தசையும் பெரும்பாலும் இருக்கவே செய்கின்றன. கொஞ்சம் குறைவாக, இடம் மாறி இருக்கின்றன. இடப்பக்கமோ வலப்பக்கமோ, இழுவையின் கணக்கு ஒன்றுதான், கண்ணாடியில் திருப்பிப் போட்டதுபோல.

அறுவை அறையில் என்ன செய்கிறார்கள்?

பழைய கதை ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தில் வேய் யோங்சி என்ற 18 வயது இளைஞருக்கு உதட்டுப் பிளவை வெட்டித் தைத்த செய்தி அந்நாட்டு வரலாற்று நூலில் பதிவாகியிருக்கிறது. நூறு நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது என்பது மருத்துவர் போட்ட நிபந்தனை. அந்த இளைஞர் பின்னாளில் பெரிய ஆளுநராக உயர்ந்தார். உதடு அசைந்தால் தையல் இழுபடும் என்ற கவலை அப்போதே இருந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரிய சிக்கலாக இருந்தது உதட்டின் உயரம். பிளவை ஒட்டிய விளிம்பு, நல்ல பக்கத்தைவிடக் குட்டையாக இருக்கும். விளிம்புகளை நேர்க்கோட்டில் சேர்த்துத் தைத்தால், தழும்பு சுருங்கும்போது உதடு மேலே தூக்கிக்கொள்ளும். இதைத் தீர்க்க 1952இல் டென்னிசன் என்ற அமெரிக்க மருத்துவர் முக்கோண வடிவத் துண்டு ஒன்றை இடையில் நுழைக்கும் முறையைச் சொன்னார். ரால்ஃப் மில்லார்ட் கொரியாவில் பணியாற்றியபோது வேறொரு வழியைக் கண்டார்; 1955இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில் அதை முன்வைத்தார். பிளவின் நடுப்பக்க உதட்டை ஒரு வளைந்த வெட்டின் மூலம் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். அதனால் மேலே உண்டாகும் இடைவெளியில் ஓரப்பக்க உதட்டை முன்னே நகர்த்தி நிரப்ப வேண்டும். திருப்பு, நகர்த்து. பெயரும் அதுவேதான். இன்றும் உலகின் பல இடங்களில் இந்த முறையோ, இதிலிருந்து கிளைத்தவையோதான் நடப்பில் இருக்கின்றன. 2005இல் கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த டேவிட் ஃபிஷர், தழும்பு முழுவதும் உதட்டின் இயல்பான மேடு பள்ளங்களின் எல்லைக்கோட்டிலேயே விழும்படி ஒரு வரைவைச் சொன்னார். அதையும் இப்போது பலர் விரும்பிச் செய்கிறார்கள்.

எந்த முறையானாலும் கத்தி எடுப்பதற்கு முன் நடப்பது ஒன்று. மருத்துவர் நுண்ணிய மையால் உதட்டில் புள்ளிகள் வைக்கிறார். மேலுதட்டின் விளிம்பு வில் மாதிரி இரண்டு முறை வளையும் இல்லையா, அதன் தாழ்ந்த நடுப்புள்ளி, நல்ல பக்கத்து உச்சி, அதே தூரத்தில் பிளவுப் பக்கத்து உச்சி இருக்க வேண்டிய இடம் என ஒவ்வொன்றையும் அளவுகோலால் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார். ஓரப்பக்க உதட்டில் அந்த உச்சிக்கு இணை எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் சூட்சுமம். சிவந்த பகுதி மெலிந்துபோகத் தொடங்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பார்கள். இந்த வரைவு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பேசும் தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு உதட்டின் சிவப்புக்கோடு படியாகத் தெரியும்.

அப்புறம்தான் வெட்டு. தசை முனைகளைத் தவறான பிடிப்பிலிருந்து விடுவித்து, கிடைமட்டமாகத் திருப்பி, ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். மூக்குமடலின் அடியை உள்ளே கொண்டுவருகிறார்கள். தசை இழுவையைத் தாங்கிக்கொண்டால் தோல் இறுக்கமில்லாமல் சேரும். தழும்பும் மெலிதாக ஆறும். சாமியானாவில் கயிற்றைக் கட்டுவது இதுதான்.

சுருக்கிச் சொன்னால்: அளந்து வரைவது, தசை வளையத்தைச் சேர்ப்பது, உயரத்தைச் சமன் செய்வது, மூக்கை நிமிர்த்துவது. ஒருபக்கப் பிளவில் நல்ல பக்கமே அச்சு; அதைப் பார்த்து மறுபக்கத்தை அமைக்கிறார்கள். இருபக்கப் பிளவில் அப்படிப் பார்த்துச் செய்ய ஒரு பக்கம் கிடையாது. அது கடினமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் 'வலம் கஷ்டம்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கையிலிருந்து. பெரும்பாலான மருத்துவர்கள் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள். உதட்டு அறுவையில் மருத்துவர் வழக்கமாகக் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தைத் தலைகீழாகப் பார்த்தபடி வேலை செய்வார். இடக்கை உதட்டைப் பிடித்திருக்கும், வலக்கையில் கத்தியோ ஊசிப்பிடியோ இருக்கும். வளைந்த ஊசியை உள்ளங்கை வாட்டத்தில் ஓட்டுவது இயல்பாக வரும். மணிக்கட்டைப் புரட்டி எதிர்வாட்டத்தில் ஓட்டுவதற்குக் கவனம் கூடுதலாக வேண்டும். வளைந்த வெட்டும் அப்படியே. பிளவு பக்கம் மாறும்போது எந்த அசைவு எந்த வாட்டத்தில் விழும் என்பதும் மாறிவிடுகிறது. இடக்கைப் பழக்கமுள்ள மருத்துவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

பழக்கம் இன்னொரு காரணம், என் கணிப்பில் அதுவே பெரிய காரணம். மேலே சொன்ன ஆறுக்கு மூன்று விகிதத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் ஒருவர் அதிகம் பார்த்தது, செய்தது எல்லாம் இடப்பக்கம். பாடப்புத்தக விளக்கப் படங்களிலும் பெரும்பாலும் இடப்பக்கப் பிளவைத்தான் வரைந்திருப்பார்கள். வலப்பக்கம் வரும்போது கண்ணில் பதிந்த படத்தை மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இளம் மருத்துவருக்கு இது உண்மையான சிரமம். நூற்றுக்கணக்கில் செய்தவருக்கு இரண்டு பக்கமும் கைக்குப் பழகியிருக்கும். கேள்வியைக் கேட்டால் 'வித்தியாசமே இல்லை' என்று அவர் சொல்வதும் பொய்யில்லை.

எனவே மருத்துவர்களின் இரண்டு கருத்தும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வரைவும் தத்துவமும் இரு பக்கத்துக்கும் ஒன்று என்பது சரி. கை அதைச் செய்து முடிக்கும் வசதி ஒன்றாக இருப்பதில்லை என்பதும் சரி. கைச் சிரமம் என்பது அளவையாலும் நிதானத்தாலும் சரிசெய்யக்கூடியது. மருத்துவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தாலே பாதி தீர்ந்துவிடும். அதைக் குழந்தையின் உதட்டிலிருக்கும் குறையாகப் புரிந்துகொள்வதுதான் தவறு.

இதோடு கலந்துவிடும் வேறொரு விஷயமும் உண்டு. வலப்பக்கப் பிளவுள்ள குழந்தைகளிடம் உடலில் வேறு பிறவிக் குறைகளும் சேர்ந்திருப்பது சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இது உதட்டைத் தைப்பதைப் பற்றிய செய்தி அல்ல. எந்தப் பக்கப் பிளவானாலும் குழந்தை மருத்துவர் இதயம், காது, கண் எல்லாவற்றையும் பரிசோதிக்கத்தான் போகிறார். அந்தப் பரிசோதனை முடிந்து எல்லாம் சரி என்று தெரிந்துவிட்டால், பக்கத்தைச் சொல்லிப் பயப்பட இதில் எதுவும் மிச்சமில்லை.

மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும்?

பக்கத்தைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. பிளவு மூக்குத்துளை வரை முழுதாகப் போகிறதா, பாதியில் நிற்கிறதா என்பது முதலாவது. முழுப்பிளவில் மூக்கு அதிகம் கோணியிருக்கும், வேலையும் அதிகம். இரண்டு விளிம்புக்கும் இடையே எவ்வளவு அகலம், பல் முளைக்கும் எலும்பிலும் பிளவு இருக்கிறதா, அண்ணம் மூடியிருக்கிறதா என்பவை அடுத்து. அகலம் அதிகமென்றால் அறுவைக்கு முன் சில வாரம் வாய்க்குள் ஒரு தகடு பொருத்தி விளிம்புகளை நெருங்கச் செய்வதும் உண்டு.

பேச்சைப் பற்றிய கவலைக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. உதட்டில் மட்டும் பிளவு இருந்த குழந்தை பெரும்பாலும் நன்றாகவே பேசும். பேச்சைத் தொடுவது அண்ணப் பிளவு, ஏனென்றால் பேசும்போது காற்று மூக்கு வழியே போய்விடாமல் அடைப்பது அண்ணத்தின் பின்பகுதி. அதை ஏறக்குறைய 9 முதல் 18 மாதத்துக்குள் மூடுவார்கள். அந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாவதும் சகஜம் என்பதால் காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் தொடர வேண்டும். ஸ்கேனில் உதடு தெரியும் அளவுக்கு அண்ணம் தெளிவாகத் தெரியாது. பிறந்ததும் வாய்க்குள் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த அறுவையை அவர் தொடர்ந்து செய்கிறாரா, பல், காது, பேச்சு மருத்துவர்கள் ஒரே குழுவாக இருக்கிறார்களா என்று கேளுங்கள். பல் எலும்பில் பிளவு இருந்தால் 8 வயதிலிருந்து 11 வயதுக்குள் எலும்பு ஒட்டு வைக்க வேண்டியிருக்கும்; மூக்கை முழுமையாகச் சீராக்குவது வளர்ச்சி முடிந்தபின் நடக்கலாம். இது பல ஆண்டுத் தொடர்பு. செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். பிறவிக் குறைகளுக்கான அரசின் குழந்தை நலத் திட்டத்தில் உதட்டு, அண்ணப் பிளவுகள் இருக்கின்றன. ஸ்மைல் டிரெயின் அமைப்பு உள்ளூர் மருத்துவர்கள் வழியாகவே இலவச அறுவைக்கு நிதி தருகிறது.

பக்கம் தெரிந்திருப்பது உதவும் ஓர் இடம்

அறுவைக்கு நாள் குறிக்க மருத்துவர்கள் பழைய 'பத்து விதி'யைச் சொல்வார்கள்: 10 வார வயது, 10 பவுண்டு எடை, அதாவது சுமார் நாலரைக் கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். இன்று 3 முதல் 6 மாதத்துக்குள் செய்வது வழக்கம். மயக்க மருந்தைத் தாங்க எடை வேண்டும். எடைக்குப் பால் வேண்டும். பக்கம் எது என்ற அறிவு இங்கே தாய்க்குப் பயன்படுகிறது.

உதட்டில் மட்டும் பிளவென்றால் தாய்ப்பால் நேரடியாகவே கொடுக்கலாம். பிளவுள்ள பக்கம் மேலே இருக்கும்படி குழந்தையைப் பிடித்தால், மார்பின் சதையே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காற்று புகாது, உறிஞ்சலும் கிடைக்கும். இடப்பக்கப் பிளவென்றால், இடது மார்பில் கொடுக்கும்போது வழக்கம்போல மடியில் குறுக்காகக் கிடத்துங்கள். வலது மார்பில் கொடுக்கும்போது குழந்தையின் உடலை வலது அக்குள் பக்கமாக, கால் பின்னால் போகும்படி இடுக்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கப் பிளவுக்கு இதை மாற்றிச் செய்ய வேண்டும்.

அண்ணமும் திறந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. எவ்வளவு நேரம் மார்பில் வைத்திருந்தாலும் களைத்துத் தூங்கிவிடுமே தவிர வயிறு நிறையாது. பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சங்கிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மூக்கு வழியாகச் சிறிது பால் வந்தால் பதற வேண்டாம். நிறுத்தி, துடைத்து, மூச்சு சீரானதும் மறுபடி கொடுங்கள். நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள், இந்தக் குழந்தைகள் காற்றை அதிகம் விழுங்கும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை ஏறவில்லை என்றால் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.